கொழும்பு மாநகர் நூலகங்களும் நமது கரையும்

மாநகர் காணச் செல்வோர் யாவரும் ஒன்றையே காண்பதில்லை. வணிகர் புறக்கோட்டைக் கடைவீதியை நாடுவர். வழக்குடையோர் புதுக்கடை நீதிமன்றங்களை நோக்கி நடப்பர். சிறுவர்க்குத் தெகிவளை மிருகக்காட்சிச்சாலையே கொழும்பாகும். பிணியுடையோர்க்கோ பெரியாசுப்பத்திரியின் வாயிலன்றி வேறொன்றும் கண்ணிற் படாது. இவர்களெல்லாம் தத்தம் வழியை நன்கறிவர். நூலை விரும்பும் ஒருவன் சிலாபத்திலோ புத்தளத்திலோ புகையிரதம் ஏறிக் கோட்டை நிலையத்தில் இறங்கினால் எத்திசை செல்லல் வேண்டும் என்பதை மட்டும் நம்மிற் பலர் அறியோம். கற்பிக்குந் தொழிலை மேற்கொண்ட யானும் நெடுங்காலம் இதனை அறியாதிருந்தேன். அறியநேர்ந்த வகையையும், அறிந்தவற்றையும் இக்கட்டுரையில் ஒருவாறு எடுத்துரைக்க முயல்வேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பதினோராம் வகுப்பு மாணவர்க்கு ஈழத்துத் தமிழ் வளர்ச்சியைப் பற்றிப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். நமது புத்தளக் கரையைச் சேர்ந்த கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 'தமிழ் புளூராக்' என்னும் நூலை இயற்றினார் என்று கரும்பலகையில் எழுதினேன். அவ்வாறு எழுதுவது அஃது முதன்முறையன்று, ஆண்டுதோறும் எழுதிவந்ததே. அன்று பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், அந்தப் புத்தகத்தை நீங்கள் வாசித்திருக்கிறீர்களா? அது எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள். அவள் குறும்பாகக் கேட்கவில்லை. தன் ஊரவர் ஒருவர் எழுதிய நூலைக் காணும் ஆவலினாற் கேட்டாள். இரண்டு வினாக்களுக்கும் என்னிடம் விடை இல்லை. வெளிவாரிப் பட்டத்திற்காகப் படித்த காலத்தில் அந்நூலின் பெயரையும் ஆண்டையும் மனனஞ் செய்து பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றவன் யான். நூலையோ அதன் அட்டையையோ கண்டதில்லை. அடுத்த சனிக்கிழமையே கொழும்புக்குப் புறப்பட்டேன்.

காசிச்செட்டியும் அவர் நூல்களும்

எந்நூலைத் தேடிச் சென்றேன் என்பதைக் கூறாது நூலகங்களைக் கூறுதல் பொருந்தாதாகலின், அவரைப் பற்றிச் சில சொற்கள் ஈண்டு வேண்டும். சைமன் காசிச்செட்டி 1807ஆம் ஆண்டிற் கற்பிட்டியிற் பிறந்தார். புத்தளத்தில் மணியகாரராகக் கடமையாற்றினார். 1838 முதல் 1845 வரை சட்டநிரூபண சபையிலே தமிழர் பிரதிநிதியாக வீற்றிருந்தார். பின்னர் இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்தார். அச்சேவையிற் சேர்ந்த முதல் இலங்கையர் அவரே என்பர். சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாகவும் இருந்து, 1860இல் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் 1834ஆம் ஆண்டில், தமது இருபத்தேழாம் வயதில், 'இலங்கைக் கசற்றியர்' என்னும் ஆங்கில நூலை வெளியிட்டார். கசற்றியர் என்பது நாட்டின் ஊர்கள், ஆறுகள், மலைகள், விளைபொருள்கள், குடிகள் முதலியவற்றை அகரவரிசையில் விளக்கும் நூலாகும். பரதவர் வரலாறு பற்றி அவர் எழுதிய கட்டுரை 1837இல் இலண்டன் றோயல் ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. 'தமிழ் புளூராக்' 1859ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் அச்சாயிற்று. புளூராக் என்பார் கிரேக்க, உரோமப் பெரியோரின் சரிதங்களை எழுதிய பழங் கிரேக்க ஆசிரியர். அவர் பெயரைத் தாங்கிய இந்நூல் தமிழ்ப் புலவர் பலரின் வரலாறுகளை ஆங்கிலத்தில் எடுத்துக் கூறுவது. பின்னர் 1886இல் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 'பாவலர் சரித்திர தீபக'த்தைத் தமிழில் இயற்றியபொழுது இந்நூலே அவர்க்கு வழிகாட்டியாயிற்று. 1946இல் தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புகளுடன் கொழும்பில் இதன் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது.

இத்துணைப் புகழுடைய ஒருவரின் நூல்களை அவர் பிறந்த கரையிலே ஒரு பாடசாலை மாணவி கண்ணாற் காண இயலவில்லை. இக்குறையே என் தேட்டத்தின் தொடக்கமாயிற்று.

நூலகங்களின் வகை

நூலகம் என்ற ஒரு சொல்லால் நாம் வழங்கும் நிலையங்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. வாசகர்க்கு நூல்களை வீட்டுக்கு இரவலாகக் கொடுப்பவை ஒருவகை. அங்கேயே இருந்து படிக்கவிடுவனவும், வெளியே கொடுக்காதனவுமான உசாத்துணை நூலகங்கள் இரண்டாம் வகை. நாட்டில் அச்சாகும் நூல்களின் படிகளைச் சட்டப்படி பெற்றுப் பேணும் வைப்பு நூலகங்கள் மூன்றாம் வகை. நூலாகாத ஆவணங்களைக் காக்கும் சுவடிகள் காப்பகம் நான்காம் வகை. இவ்வேறுபாட்டை அறியாது செல்பவன் இரவல் நூலகத்திலே பழஞ்சுவடி கேட்டும், வைப்பு நூலகத்திலே கதைப்புத்தகத்தை வீட்டுக்குக் கேட்டும் வெறுங்கையுடன் மீள்வான். முதற் பயணத்தில் யானும் ஏறக்குறைய அவ்வாறே மீண்டேன்.

நூலகவியலுக்கு உலகறிய இலக்கணம் வகுத்தோருள் ஒருவர் தமிழ் நாட்டவர் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது. சீர்காழியில் 1892இற் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் 1924இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். நூல்கள் பூட்டிவைப்பதற்கன்றிப் பயன்படுத்துவதற்கே உள்ளன என்பதும், எவர்க்கும் அவரவர்க்குரிய நூல் கிட்டல் வேண்டும் என்பதும், எந்நூலும் தனக்குரிய வாசகனை அடைதல் வேண்டும் என்பதும் அவற்றின் உயிர்க்கருத்துகள். வாசகனின் காலத்தை வீணாக்கலாகாது என்பதையும் அவர் ஒரு விதியாகவே வைத்தார். அதிகாலைப் புகையிரதத்தில் வந்து மாலைப் புகையிரதத்தில் மீளவேண்டிய வெளியூரவனுக்கு இவ்விதியின் அருமை நன்கு விளங்கும். கொழும்பு நூலகங்களை இவ்விதிகளை உரைகல்லாகக் கொண்டு நோக்குவோம்.

நூதனசாலை நூலகம்

பழைய நூல்களைத் தேடுவோர் முதலிற் செல்லவேண்டிய இடம் கறுவாத்தோட்டத்திலுள்ள தேசிய நூதனசாலையின் நூலகமாகும். வில்லியம் கிரகரி தேசாதிபதியின் முயற்சியால் எழுந்த நூதனசாலை 1877ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் திறக்கப்பட்டது. 1870இல் தொடங்கிய அரசாங்கக் கீழைத்தேய நூலகம் அதனுடன் இணைக்கப்பட்டது. 1885இல் அச்சகத்தார், வெளியீட்டாளர் பற்றிய கட்டளைச் சட்டம் பிறந்தபின், நாட்டில் அச்சான நூல்களின் படிகள் இந்நூலகத்தை வந்தடைந்தன. தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்ற வேறுபாடின்றி, பெரும் புராண உரையும் சிறு பிரசுரமும் ஒரு கூரையின் கீழ்ச் சேர்ந்தன.

இச்சட்டத்தின் நோக்கம் அறிவு வளர்ச்சி மட்டுமன்று. அச்சாவன யாவை என்பதை அரசு அறிந்துகொள்ளலும் அதன் நோக்கமே. எனினும் கண்காணிப்புக்காக வாங்கிய படியே காலப்போக்கிற் காப்புப் படியாயிற்று. அச்சிட்டவரின் வீட்டிலும் எஞ்சாத சிறுநூல் சட்டத்தின் வலிமையால் இங்கு எஞ்சிநிற்பதுண்டு. ஓலைச்சுவடிகளும் இந்நூலகத்தில் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றுட் பெரும்பாலன சிங்களத்திலும் பாளியிலும் அமைந்தவை. டபிள்யு. ஏ. டி சில்வா தொகுத்த சுவடிப் பட்டியலின் முதற்பாகம் 1938இல் வெளிவந்தது. சுவடியைத் தொடுமுன் அதன் பட்டியலைப் படித்தல் வேண்டும் என்பது இத்துறையின் பாலபாடம்.

நூதனசாலைக் காட்சிக்கூடங்களைக் காணச் செல்லும் பாடசாலைக் குழுக்கள் மிகப்பல. சிம்மாசனத்தையும் முடியையும் கண்டு வியந்து, அவ்வளாகத்திலேயே நூலகமொன்று உண்டென்பதை அறியாமலே அவை பேருந்தேறிவிடுகின்றன. மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் இதனைக் கருத்திற் கொள்வாராக.

கொழும்புப் பொது நூலகம்

நூதனசாலைக்கு அணித்தாக, விகாரமகாதேவிப் பூங்காவை அடுத்து, மாநகர சபையின் பொது நூலகம் உள்ளது. இதன் வரலாறு இருவேறு ஓடைகள் ஓராறான கதையாகும். 1824இற் கொழும்பு நூலகமும் 1829இற் புறக்கோட்டை நூலகமும் தோன்றின. அவை சந்தா செலுத்திய அங்கத்தினர்க்கே உரியவாய் இருந்தன. 1925இல் இரண்டும் இணைந்து பொதுமக்கட்குரிய நூலகமாயின. இப்பொழுதுள்ள கட்டடம் 1980 டிசம்பரிற் திறக்கப்பட்டது.

அங்கத்தினரானோர் இங்கிருந்து நூல்களை இரவல் பெறலாம். ஏனையோர் அங்கிருந்தே படிக்கலாம். மும்மொழி நூல்களும் பத்திரிகைகளும் உள. முற்கூறிய நூதனசாலை நூலகத்தில் ஆராய்ச்சியாளர் சிலரையே காணலாம். இங்கோ பரீட்சைக்குப் படிக்கும் மாணவரும், ஓய்வூதியம் பெறுவோரும், வேலை தேடுவோரும், கடுவெயிலுக்கு ஒதுங்கிப் பத்திரிகை புரட்டுவோரும் அருகருகே அமர்ந்திருப்பர். மாநகரில் அங்காடிக்குச் சென்றாற் பணம் வேண்டும். விருந்துக்குச் சென்றால் அழைப்பு வேண்டும். இரண்டுமின்றி ஒருவன் நாள் முழுதும் மதிப்புடன் அமரத்தக்க இடம் பொது நூலகமே. வெளிவாரிப் பரீட்சார்த்தியாய் இருந்தபொழுது அதன் மேசையொன்றே எனக்கு விரிவுரை மண்டபமாய் இருந்தது. பல்கலைக்கழக வாயிலைப் பரீட்சை நாளில் மட்டுமே கண்ட என்போன்றோர் அம்மேசைகளுக்குப் பட்ட கடன் பெரிது.

தேசிய நூலகமும் சுவடிகள் காப்பகமும்

சுதந்திர அவெனியுவில் அமைந்த தேசிய நூலகம் வயதில் இளையது. 1970ஆம் ஆண்டின் சட்டத்தால் தேசிய நூலகச் சேவைகள் சபை அமைந்தது. நூலகம் 1990 ஏப்பிரலில் திறக்கப்பட்டது. இஃது இரவல் கொடுப்பதன்று, உசாத்துணைக்கே உரியது. நாட்டில் வெளியாகும் நூல்களை வரிசைப்படுத்தும் தேசிய நூற்பட்டியலை வெளியிடுவதும், நூல்களுக்குச் சர்வதேச நியம நூல் எண் வழங்குவதும் இதன் பணிகள். நூலின் பின்னட்டையில் 978 என்பதை அடுத்து 955 அல்லது 624 என்னும் எண் காணப்பட்டால் அஃது இலங்கைப் பதிப்பென அறியலாம். ஊர்ச் சங்கத்தின் விழா மலரையோ, தம் கவிதைத் தொகுதியையோ அச்சிடுவோர் இவ்வெண்ணைப் பெற்றுப் படிகளையும் ஒப்படைப்பாராயின், அச்சிறு நூல் நாட்டின் நினைவிலே இடம்பெறும். நமது கரையில் வெளியான மலர்கள் எத்தனையோ இவ்வெண் இன்றியே தோன்றி மறைந்தன.

தேசிய சுவடிகள் காப்பகத்தின் இயல்பு வேறு. ஒல்லாந்தர் இந்நாட்டுக் கரையோரங்களை ஆண்டபொழுது எழுதிவைத்த ஏடுகள் 1640ஆம் ஆண்டு தொடங்கி இங்குள்ளன. 1796இற் கொழும்பு ஆங்கிலேயர் கைப்பட்டபொழுது இவையும் கைமாறின. தேசாதிபதியும் சபையும் கூடி எடுத்த முடிவுகள், காணிகளையும் குடிகளையும் பதிந்த தோம்புகள், பதவி நீங்கும் தேசாதிபதி தமக்குப்பின் வருவோர்க்கு எழுதிவைத்த நினைவுக் குறிப்புகள் முதலியன இவற்றுள் அடங்கும். பழைய ஒல்லாந்த மொழியும் எழுத்தும் நமக்கு விளங்கா. ஆயினும் தேசாதிபதிகளின் குறிப்புகள் சில ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு அச்சாகியுள்ளமையால் அவ்வழியே நுழையலாம். ஆங்கிலேயர் காலத்து நிருவாக ஆவணங்களும், அரசாங்க வர்த்தமானிகளும், பழைய பத்திரிகைகளும் இங்குள. கற்பிட்டிக் கோட்டையைச் சுற்றி விளையாடும் நம் சிறுவர் அக்கோட்டையின் கற்களையே காண்கின்றனர். அதனை ஆண்டோரின் எழுத்துகள் தலைநகரில் உள்ளன என்பதை அறியார்.

கழகமும் சங்கமும்

பெரிய நிலையங்களின் நிழலிற் சிறிய நூலகங்களை மறத்தல் ஆகாது. 1845இல் நிறுவப்பட்ட றோயல் ஆசியக் கழகத்தின் நூலகம் இப்பொழுது ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் உள்ளது. அக்கழகத்தின் சஞ்சிகைத் தொகுதிகள் இலங்கை வரலாறு, சமயம், வழக்கங்கள் பற்றிய கட்டுரைகளின் களஞ்சியம். வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில், 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் உண்டு. முன்னையவற்றிலே தமிழ் நூல் பலவற்றுள் ஒன்று. இங்கோ தமிழ் நூலே தலைமையுடையது. இலக்கியம், சமயம், ஈழத்தெழுத்து என்பனவற்றைத் தமிழிலேயே கேட்டுத் தமிழிலேயே விடைபெறலாம். சிற்றூரிலிருந்து வரும் மாணவனுக்கு இதுவே அச்சந் தெளிவிக்கும் முதற்படியாதல் கூடும். நூலும் சொற்பொழிவும் எனக் கல்வியும் கேள்வியும் ஒரு முகவரியில் இணைவது தனிச்சிறப்பு.

கேட்கும் முறை

நூலகத்தில் நூல் இருத்தல் ஒன்று. அதனைப் பெறுதல் வேறொன்று. இதனை யான் பட்டறிந்தேன். முதலிற் சென்ற நூலகம் ஒன்றிலே, அறிமுகக் கடிதம் இல்லையென்று வாயிலிலேயே நிறுத்தப்பட்டேன். தமிழிற் கேட்டேன்; விளங்கிக்கொள்வார் அன்று அங்கில்லை. ஆங்கிலத்திற் கேட்டபொழுது திங்கட்கிழமை வருக என்றனர். திங்கட்கிழமை பாடசாலை உண்டென்பதை அவர்க்கு எவ்வாறு கூறுவது? விடுமுறை எடுத்து, அதிபரின் கடிதத்துடன் மறுபடியும் சென்றேன். இம்முறை நூற்பட்டியலிற் கற்பிட்டி என்னும் பெயரைத் தேடினேன், காணவில்லை. அருகிலிருந்த முதிய நூலகப் பணியாளர் என் கையிலிருந்த துண்டை வாங்கிப் பார்த்து, ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் கற்பிட்டியைக் 'கல்பென்ரின்' என்றே எழுதினர் என்பதைச் சொல்லி, வேறெழுத்திலே தேடச் செய்தார். அரை மணி நேரத்திற் கசற்றியரின் பக்கங்கள் என் முன் விரிந்தன. நம் ஊர்ப்பெயர்களை 1834ஆம் ஆண்டின் எழுத்திற் கண்டபொழுது, அம்மாணவி என் அருகில் இல்லையே என்ற எண்ணமே மேலோங்கியது.

அவ்வனுபவத்தால் அறிந்தவற்றைச் சுருங்கக் கூறுவேன். வெளியூரிலிருந்து செல்வோர் அடையாள அட்டையையும், பாடசாலை அல்லது நிறுவனத் தலைவரின் கடிதத்தையும் கொண்டுசெல்லல் வேண்டும். திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்னரே தொலைபேசியிற் கேட்டறிதல் நன்று. மையூற்றுப் பேனாவை விடுத்துப் பென்சிலைக் கொண்டுசெல்க. பழைய ஏடுகளுக்கு அருகில் மை பகையாகும். நூலின் பெயர் அறியாவிடின் ஆசிரியர் பெயராலும், அதுவும் அறியாவிடிற் பொருளாலும் தேடலாம். 1876இல் மெல்வில் தூயி வகுத்த தசமப் பகுப்பு முறையில் இந்து சமயம் 294.5 என்றும், தமிழ் இலக்கியம் 894.811 என்றும், இலங்கை வரலாறு 954.93 என்றும் எண்பெறும். இம்மூன்று எண்களையும் நினைவிற் கொண்ட மாணவன் தூயி முறையைக் கைக்கொள்ளும் எந்நகரத்து நூலகத்திலும் வழிதவறான். பழைய ஊர்ப்பெயர்களின் பழைய எழுத்து வடிவங்களையும் குறித்துச் செல்லுதல் நலம். புத்தளம் மாவட்டத்தைப் பற்றி அறிய விரும்புவோர் பிராங்க் மொடர் 1908இல் எழுதிய புத்தள மாவட்டக் கைநூலையும் கேட்டுப் பார்க்கலாம். யாவற்றுக்கும் மேலாக, நூலகப் பணியாளரிடம் பணிவோடும் தெளிவோடும் வினவுக. பட்டியலில் இல்லாத அறிவு அவர்களிடம் உண்டு.

ஒரு படியும் பல படிகளும்

இனி இக்கட்டுரையின் உள்ளக்கிடக்கையைக் கூறுவேன். நமது கரையூர்களில் உடப்பு முதலிய இடங்களிலே திரௌபதை அம்மன் விழாக்காலத்திற் பாரதக்கதை படிக்கக் கேட்டு வளர்ந்தோர் நாம். என் பாட்டனாரிடம் அத்தகைய ஏட்டுக்கட்டொன்று இருந்தது. அவர் காலமானபின் அது பரணில் வைக்கப்பட்டது. உப்புக்காற்றும் செல்லும் அதனை அரித்தன. பயனற்றதென்று கருதி, ஓர் ஆடி மாதத்தில் அதனைக் கடலில் விட்டனர். அப்பொழுது யான் சிறுவன். கரையில் நின்று அது மிதந்து செல்வதை மகிழ்ச்சியுடன் பார்த்தேன். அஃது அச்சிற் கிடைக்கும் பாரதத்தின் படியோ, நம் ஊர்ப் புலவர் எவரேனும் பாடியதோ என்பதை இனி எவரும் கூறவியலாது. ஒரே படியாய் இருந்த நூல் அழிந்தால், எது அழிந்தது என்பதும் உடனழிந்துவிடுகின்றது.

வீட்டுப் பரணுக்கு நேர்ந்தது பெருநூலகத்துக்கும் நேர்தல் கூடும். 1933இல் கே. எம். செல்லப்பா தம் இல்லத்திலே தொடங்கிய முயற்சியால் வளர்ந்து, அரங்கநாதனின் ஆலோசனையும் பெற்று, 1959இற் புதுக்கட்டடத்தில் திறக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம், 1981 மே 31ஆம் நாள் இரவு தொடங்கித் தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுள் அச்சு நூல்கள் பலவற்றின் வேறு படிகளைப் பிறவிடங்களில் தேடிக் காண வழியுண்டு. 1885இன் சட்டப்படி ஒப்படைக்கப்பட்டவை கொழும்பு நூலகங்களில் இருத்தல் கூடும். வேறு படியில்லாத ஓலைச்சுவடிகளுக்கோ அவ்வழியும் இல்லை. கட்டடம் மீளவும் எழுந்து புது நூலகம் இன்று இயங்குகின்றது, தனிப்படிகள் மீளவில்லை. நூல் எத்துணைச் சிறப்புடைய இடத்தில் உள்ளது என்பதைவிட, எத்தனை இடங்களில் உள்ளது என்பதே அதன் ஆயுளை நிருணயிக்கின்றது.

இவ்வுண்மையை உணர்ந்தே 2005இல் நூலகம் என்னும் பெயரிலே ஈழத்துத் தமிழ் நூல்களை மின்வடிவிற் சேர்க்கும் முயற்சி தொடங்கியது. இன்று கைத்தொலைபேசி உடைய மாணவன் கற்பிட்டியிலிருந்தே பல்லாயிரம் நூல்களையும் சஞ்சிகைகளையும் கட்டணமின்றிப் படிக்கலாம். கடல் கடந்த சென்னையிலும் இதற்கொத்த பாடம் உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா என்பார் தனியொருவராய் நூல்களும் இதழ்களும் விளம்பரத் தாள்களுமாக ஏறத்தாழ 100,000 பொருள்களைச் சேர்த்தார். சிக்காகோப் பல்கலைக்கழகம் அத்தொகுதியை வாங்கியும் கடல் கடந்து கொண்டுசெல்லவில்லை. 1994இற் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக்கியது. பெருநகரின் நூலகமொன்று சிற்றூரவர் ஒருவரின் வீட்டிலே கருக்கொண்டது. ஆதலாற் சிற்றூரார் நகரத்து நூலகங்களுக்கு விருந்தினர் மட்டுமல்லர். அவற்றுக்கு வேண்டியன தரவல்லாரும் ஆவர்.

நாம் செய்யத்தக்கன

கொழும்பிலிருந்து மீண்டபின் அம்மாணவிக்கு விடை கூறினேன். கசற்றியரிலிருந்து எழுதிக்கொண்டுவந்த குறிப்புகளை வகுப்பில் வாசித்தேன். பின்னர் 'தமிழ் புளூராக்' நூலின் மறுபதிப்பொன்றின் நிழற்படப் படியைப் பெற்றுக் கட்டுவித்துப் பாடசாலை நூலகத்தில் வைத்தோம். அதனை முதலில் இரவல் பெற்றவள் அவளே. ஆங்கிலம் கடினமாய் இருந்தமையால் அகராதியின் துணையுடன் இரண்டு புலவரின் வரலாற்றை மட்டுமே படித்தாள். அது போதும், அந்நூல் தன் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது.

இவ்வூர்களின் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் யான் வேண்டுவன மூன்று. ஆண்டுக்கு ஒருமுறையேனும் கல்விச் சுற்றுலாவில் நூலகமொன்றைச் சேர்த்துக்கொள்க. வீடுகளிலுள்ள ஏடுகள், பழைய நூல்கள், விழா மலர்கள், காணிப் பத்திரங்கள் என்பவற்றை அழியுமுன் படியெடுத்து, ஒரு படியை நகரத்து நூலகத்துக்கும் ஒரு படியை மின்னூலகத்துக்கும் அளிக்க. நகரிலே நம் கரையைப் பற்றிய நூலொன்றைக் கண்டால் அதன் படியை ஊருக்குக் கொண்டுவருக. போக்கும் வரவும் இரண்டும் இருந்தாலன்றி அறிவு ஓரிடத்தே தேங்கிவிடும்.

நவராத்திரியின் முடிவிலே நூல்களை அடுக்கிச் சந்தனமும் பூவுமிட்டுச் சரசுவதியாக வழிபடுகின்றோம். அன்று நூலைத் தொடுவதில்லை. மறுநாள் விசயதசமியில் ஏட்டை எடுத்துப் படிக்கத் தொடங்குகின்றோம். நம் பாடசாலை நூலகங்கள் பலவற்றில் நூல்கள் ஆண்டு முழுவதும் கண்ணாடி அலுமாரிக்குள்ளே பூசையிலேயே இருக்கின்றன. திறவுகோல் அதிபரின் மேசையில் உறங்குகின்றது. கொழும்பின் பெருநூலகங்களைக் கண்டு வியந்து வருதல் முதற்பயன். வந்தபின் நம் அலுமாரியைத் திறந்துவைத்தல் முடிந்த பயன். அவ்வாறு திறக்கும் நாளெல்லாம் நமக்கு விசயதசமியே.